பூமிக்குப் பிறந்தநாள் கொண்டாட நினைத்த மன்னர்

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால், எந்தக் காலத்தில் என்று உடனே கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வந்த வம்பு முழுவதும் அந்த மாதிரி ஒரு கேள்வியால் வந்ததுதான்.

கடலோரத்தில் ஒரு நாடு. அதை ஆண்டவர் சுந்தரகேது மன்னர். நல்லவர். குடிகளை வருத்த மாட்டார், வரியைக் கூட்ட மாட்டார். ஆனால் மனத்தில் ஒன்று தோன்றிவிட்டால் அது நடந்து முடியும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

மன்னருக்கு அறுபது வயது நிறைந்தது. மணிவிழா நடந்தது. ஆண்டுக்கு ஒரு விளக்காக அறுபது விளக்கு ஏற்றினார்கள். அது அந்த அரண்மனையின் வழக்கம். விளக்கு வெளிச்சத்தில் மன்னருக்கு மனம் நிறைந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷத்தைத் தாம் ஒருவரே அனுபவிப்பது நியாயமில்லை என்று தோன்றியது. அடுத்த வாரம் பட்டத்து யானைக்குப் பிறந்தநாள் கொண்டாடினார். அதற்கடுத்து மகாராணியின் கிளிக்கு. கிளியும் ஆயிற்று என்றதும் கோட்டை வாசல் பீரங்கிக்கு.

பீரங்கிக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, பட்டு கட்டி, மாலை போட்டார்கள். ராஜகுரு திரிவிக்கிரமர் அதற்கு ஜாதகமே கணித்துக்கொண்டு வந்து சபையில் வாசித்தார்.

"ஜாதகர் கோபக்காரர். வயிற்றில் உஷ்ணம் அதிகம். தூரதேசப் பயணம் இல்லை. இருந்த இடத்திலேயே கீர்த்தி."

சபையில் விகடகவி கூத்தபிரான் இருந்தான். கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"குருவே, ஒன்று விட்டுப்போயிற்று. பெற்ற பிள்ளைகள் எல்லாம் தூரதேசம் போய்விடும், ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

சபை சிரித்தது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜகுரு சிரிக்கவில்லை. ஜாதகத்தைச் சுருட்டி மடியில் செருகினார். கூடவே அந்தச் சிரிப்பையும் செருகி வைத்துக்கொண்டார்.

பீரங்கியும் ஆன பிறகு மன்னருக்குக் கொண்டாட ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் காலை மேல்மாடத்தில் நின்று பார்த்தார். வயல், தோப்பு, துறைமுகம், மீன் உலர்த்தும் மணல்வெளி, எல்லாம் கீழே விரிந்து கிடந்தன. அவர் கண் கலங்கியது.

"எல்லாருக்கும் கொண்டாடினேன். எல்லாரையும் சுமக்கிறாளே, இவளுக்கு யாராவது ஒரு நாள் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்களா?"

உடனே கட்டளை பிறந்தது. வரும் பௌர்ணமியன்று பூமிக்குப் பிறந்தநாள். நாடெங்கும் விளக்கு. ஆனால் எத்தனை விளக்கு? வயது தெரிய வேண்டுமே! அந்த நாட்டில் நான்கு வகை வழிபாட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். ஒவ்வொரு வகையிலும் படித்த ஒரு பெரியவரைச் சபைக்கு அழைத்தார் மன்னர்.

முதலில் எழுந்தவர் ராஜகுரு.

"அரசே, இதற்குச் சபை கூட்டவே வேண்டியதில்லை. நாள்தோறும் சங்கல்பத்தில் சொல்கிறோம். சுவேத வராக கற்பம், வைவசுவத மன்வந்தரம், அதில் இருபத்தெட்டாம் சதுர்யுகம், கலியுகத்தில் முதல் பாதம். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட இருநூறு கோடி ஆண்டுகள்."

அரண்மனை எண்ணெய்ப் பண்டாரத்தின் அதிகாரி பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து, கடல் கடந்து வந்து துறைமுகத்தில் கோயில் கட்டியிருந்த பாதிரியார் சத்தியநேசர் எழுந்தார். அவர் தமிழை ஏட்டில் படித்துக் கற்றவர். ஆகையால் அவர் பேசினால் அரண்மனைப் புலவர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

"வேந்தர் வேந்தே! யாம் போற்றும் மறையில் முதல் மனிதர் தொடங்கி அவர்தம் வழித்தோன்றல்களின் ஆயுள் உரைக்கப்பட்டுளது. அவற்றைக் கூட்டுங்கால், உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டும் நிரம்பிற்றில்லை."

எண்ணெய்ப் பண்டாரத்து அதிகாரி தூணை விட்டார். "பாதிரியார் சொல்வதில் ஒரு தெளிவு இருக்கிறது, அரசே" என்றார்.

பள்ளிவாசலிலிருந்து வந்த நெய்னா லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"மகாராஜா, ஆறு நாளில் படைத்தான் என்று எங்கள் வேதம் சொல்லுகிறது. அவனிடத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஆயிரம் வருஷம் போல என்றும் சொல்லுகிறது. மொத்தம் எத்தனை என்பது படைத்தவனுக்குத்தான் தெரியும். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது."

கடைசியாகச் சமணப் பள்ளியின் அருகசேன அடிகள். அவர் தாம் உட்காரப்போகும் இடத்தை மயிற்பீலியால் மெல்லப் பெருக்கி, எறும்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பேசினார்.

"பிறந்தவளுக்கு வயது சொல்லலாம். இவள் பிறக்கவே இல்லை. காலச் சக்கரம் ஏறுகிறது, இறங்குகிறது. அதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவும் கிடையாது."

"அப்படியானால் எத்தனை விளக்கு ஏற்றுவது, அடிகளே?"

"ஒன்றுமே வேண்டாம், அரசே. பூச்சிகள் விழுந்து சாகும்."

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குள் நால்வருடைய சீடர்களும் எழுந்து நின்று ஒருவர் கணக்கை ஒருவர் மறுக்கத் தொடங்கினார்கள். சபை சந்தைக்கடை ஆயிற்று.

"நிறுத்துங்கள்! ஒருவர் கோடி என்கிறீர். ஒருவர் ஆயிரம் என்கிறீர். ஒருவர் தெரியாது என்கிறீர். ஒருவர் பிறக்கவே இல்லை என்கிறீர். பிறந்தநாளைக் கெடுக்கவே புறப்பட்டு வந்தீர்களா?"

இந்தக் கோபத்துக்காகத்தான் ராஜகுரு காத்திருந்தார். கூத்தபிரானின் கேலியில் தம்மைப் போலவே அடிபட்டிருந்த அமைச்சர் பிரதானியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"அரசே, ஒரு நாட்டுக்கு ஒரு முடி, ஒரு கொடி. பூமிக்கு மட்டும் நான்கு வயதா? எது மெய் என்று தீர்ப்பாகட்டும். மற்ற மூன்று கணக்குக்காரர்களும் தத்தம் கூட்டத்தோடு கப்பலேறிப் போகட்டும். குழப்பம் தீரும்."

"நல்ல யோசனை" என்றார் பிரதானியார். "தீர்ப்புச் சொல்ல நடுநிலையானவர் வேண்டும். எல்லாரையும் பார்த்துச் சமமாகச் சிரிக்கிறவர் நம் சபையில் ஒருவர்தானே இருக்கிறார்?"

எல்லார் கண்ணும் கூத்தபிரான் மேல் விழுந்தது.

"ஆகட்டும்!" என்றார் மன்னர், கோபத்தில். "கூத்தபிரானே, பௌர்ணமியன்று காலை நீ ஒரு வயது சொல்ல வேண்டும். அந்த வயது யார் கணக்கோ அவர்கள் இருக்கலாம். மற்றவர்கள் போக வேண்டும். நீ சொல்லத் தவறினால் குரு சொன்னதே கணக்கு; மற்றவர்களோடு நீயும் போக வேண்டும்."

சபை கலைந்தபோது ராஜகுரு பிரதானியாரின் காதோடு சொன்னார்: "என்னைக் கப்பலேற்ற அவனுக்குத் துணிவு வராது; என் கணக்கைச் சொன்னால் மற்ற மூன்று கூட்டமும் அவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றும். ஒன்றும் சொல்லாவிட்டால் நம் கண்ணெதிரிலேயே கப்பலேறுவான். எப்படிப் பார்த்தாலும் நமக்கு நல்ல பௌர்ணமி."

அன்றைக்கே துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பலைக் கொண்டுவந்து கட்டினார்கள். அதைப் பார்த்ததும் ஊர் நடுங்கியது. கயிறு திரிப்பவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். வயலில் நடவு நின்றது. யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று தெரியாமல் எவன் நாற்றுக்குக் குனிவான்?

கூத்தபிரான் வீட்டுக்கு ஆள்மேல் ஆள் வந்தார்கள். நெய்னா லெப்பை வந்தார்.

"தம்பி, நான் கணக்கே சொல்லலையே! தெரியாதுன்னுதானே சொன்னேன். தெரியாதுன்னு சொன்னவனையுமா நாட்டைவிட்டு அனுப்புவாங்க?"

"தெரியாதுன்னு சொல்றவங்களைத்தான் முதல்ல அனுப்புவாங்க, லெப்பை. மத்தவங்களுக்கு அது கூச்சமா இருக்கும்ல."

பாதிரியார் வந்தார். "கூத்தபிரானாரே, யான் இவண் வந்து வைத்த மாங்கன்று இவ்வாண்டுதான் காய்த்துளது" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஏட்டுத் தமிழ் உதவவில்லை. கையால் மரத்தின் உயரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அருகசேன அடிகள் நடந்தே வந்தார். அவர் வண்டியிலோ கப்பலிலோ ஏறக்கூடாதவர்.

"எங்கள் கணக்கில் பூமி நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். நான் மட்டும் இந்த ஊரில் இருக்க மாட்டேன் போலிருக்கிறது" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "கப்பலேறாதவர்களை எப்படி அனுப்புவார்கள், கூத்தபிரான்? விசாரித்துச் சொல்."

எல்லாருக்கும் கடைசியில் பக்கத்து வீட்டுப் பாத்தும்மாள் தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கூத்தபிரானின் மனைவி வடிவின் கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

"ஆட்டையெல்லாம் கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம், வடிவு. நீயே பாத்துக்க. வேப்பந்தழை போடாத, வயிறு உப்பிக்கும். ராத்திரியில என்னைத் தேடிக் கத்தும். ரெண்டு நாள் கத்தட்டும், அப்புறம் மறந்துரும்."

"நீங்க எங்கக்கா போறீங்க? என் ரெண்டு பிரசவமும் பாத்த கை இது. நான் விடுவேனா?"

"நீ விடலைன்னா? ராஜா விடணுமே."

பாத்தும்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆடு முற்றத்தில் நின்று கத்தியது. வடிவு கணவன் பக்கம் திரும்பினாள். அவன் கூடத்தில் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடிவு, உனக்கு என்ன வயசு?"

"ஊர் பத்திக்கிட்டு எரியுது. இப்பதான் உங்களுக்கு என் வயசு கேக்குதா?"

"சும்மா சொல்லேன்."

"எந்த வயசு? எங்கம்மா சொன்னதா, கல்யாணத்துல சொன்னதா?"

கூத்தபிரான் எழுந்து உட்கார்ந்தான். "ரெண்டு வயசா உனக்கு?"

"எந்தப் பொண்ணுக்குத்தான் ஒண்ணு? நான் உங்களைவிட ஒரு வயசு மூத்தவ. அது தெரிஞ்சிருந்தா உங்கப்பா படி ஏறியிருப்பாரா? எங்க ஊர் ஜோசியர் நாலைக் கழிச்சாரு, பத்துப் பொருத்தமும் பிரமாதம்னாரு. தாலியும் கட்டியாச்சு, பிள்ளையும் பெத்தாச்சு. இப்ப வந்து கணக்குக் கேட்டா என்னையா கேப்பீங்க? பொருத்தம் பாத்தவரைப் போய்க் கேளுங்க."

கூத்தபிரான் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். ஆடுகூடக் கத்துவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது.

"வடிவு, உன் கல்யாணப் புடவை எங்க இருக்கு?"

"பெட்டியில. எதுக்கு?"

"ஒரு பொண்ணுக்குக் கட்டணும்."

"என்னது?"

அவள் கையில் ஆட்டுக்கயிறு இருந்தது. நல்லவேளை, உலக்கை இல்லை.

பௌர்ணமியன்று காலை சபை நிறைந்திருந்தது. நான்கு பெரியவர்களும் நான்கு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே அவரவர் கூட்டத்தார் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். மகாராணி திரைக்குப் பின்னால் வந்து அமர்ந்துவிட்டார். கூத்தபிரானை மட்டும் காணவில்லை.

"வரமாட்டான்" என்றார் பிரதானியார். "நேரே கப்பலுக்கே போயிருப்பான்."

அப்போது தெருவில் நாதசுரம் கேட்டது. கெட்டிமேளம். பின்னால் பெண்கள் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். பழம், தேங்காய், மஞ்சள், பூ. அவர்களுக்கு நடுவில் மூடுபல்லக்கு. பல்லக்குக்கு முன்னால் கூத்தபிரான், தோளில் சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம், பெண்ணைப் பெற்றவனுக்குரிய நடை.

"என்ன இது கூத்தபிரானே?" என்றார் மன்னர்.

"அரசே, வயது தெரிய வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவரையே அழைத்து வருவதுதானே முறை? இதோ, தங்கள் மூத்த மகாராணி."

பல்லக்கின் திரையை விலக்கினான். உள்ளே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மண் குவியல். அதற்குக் கூறைப்புடவை கட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, கழுத்து என்று தோன்றுகிற இடத்தில் தாலிக்கயிறு.

சபையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வயதானவர்கள் ஒவ்வொருவராகத் தலையசைக்கத் தொடங்கினார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முடிசூடும் நாளில் அரசன் முதலில் பூமியை மணக்க வேண்டும். ஆற்றங்கரை மண்ணை மேடையில் குவித்து, பெண்ணாக அலங்கரித்து, அரசன் அதற்குத் தாலி கட்டுவான். பிறகுதான் தலையில் கிரீடம் ஏறும். பூமகள் நாயகன் என்று புலவர்கள் பாடுவது அதனால்தான். அதுவும் ஒப்புக்கு நடக்கும் கல்யாணம் அல்ல. நிச்சயதார்த்தம் உண்டு, ஜாதகப் பொருத்தம் உண்டு, சபையில் மணமக்களின் வயதை வாசிப்பது உண்டு. சுந்தரகேது மன்னர் இளைஞராக இருந்தபோது நடந்த கல்யாணம். நாளாகிவிட்டதால் அதுவரை ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. கட்டியவருக்கே வரவில்லை.

"அரசே" என்றான் கூத்தபிரான், "அந்தக் கல்யாணத்தில் பொருத்தம் பார்த்தவர் யார்?"

"குருதான். அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தார்."

"பெண்ணுக்கு என்ன வயது என்று வாசித்தார்?"

ராஜகுரு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். "வெகுகாலத்துச் சங்கதி. எனக்கு நினைவு..."

"எனக்கு நினைவிருக்கிறது!" என்றார் மன்னர். அவர் முகத்தில் பழைய மாப்பிள்ளைக்களை வந்துவிட்டது. "எனக்கு இருபத்திரண்டு. அவளுக்குப் பதினாறு. 'பதினாறு பிராயத்துப் பருவ மங்கை' என்று குரு ராகம் போட்டு வாசித்தார். நான்கூடக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்."

"பிறகென்ன, அரசே! தங்களுக்கு இப்போது அறுபது. தேவி ஆறு வயது இளையவர். பூமியின் வயது ஐம்பத்துநான்கு. வழக்குத் தீர்ந்தது. தீர்த்தவர் நம் குரு."

நான்கு மூலையிலும் நான்கு பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரதானியார் துள்ளி எழுந்தார்.

"அபத்தம்! எனக்கே அறுபத்தெட்டு வயது. பூமி பிறப்பதற்கு முன்னால் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன்?"

"உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அந்தச் சந்தேகம் வரும், பிரதானியாரே. கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்ப்பேன்."

சபை சிரித்தது. ராஜகுருவுக்குப் பொறுக்கவில்லை.

"அரசே, இது விளையாட்டு. பூமிக்கு வயது இருநூறு கோடி. சாஸ்திரம் சொல்லுகிறது. இதில் ஓர் அணுவும் மாறாது!"

கூத்தபிரான் சட்டென்று மன்னர் காலடியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ அரசே, மோசம் போனோம்! இருநூறு கோடி வயதான மூதாட்டியைப் பதினாறு என்று சொல்லித் தங்கள் தலையில் கட்டிவிட்டாரே! பாதிரியார் கணக்கைக் கொண்டாலும் பெண்ணுக்கு ஆயிரக்கணக்கில் வயது. லெப்பை சொல்வது சரியென்றால் பெண்ணின் வயது மனிதர் யாருக்கும் தெரியாது. குருவுக்கு மட்டும் யார் சொன்னார்கள்? அடிகள் சொல்வதைப் பார்த்தால் பெண் பிறக்கவே இல்லை. பிறக்காதவளுக்கு ஜன்ம நட்சத்திரம் ஏது? குரு எந்த நட்சத்திரத்துக்குப் பொருத்தம் பார்த்தார்?"

அவன் எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினான்.

"பொய் வயது சொல்லிப் பெண்ணைக் கட்டி வைத்த பொருத்தக்காரருக்கு நம் நாட்டில் என்ன தண்டனை?"

"பாதி மொட்டை!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "கழுதைமேல திருப்பி உக்கார வைக்கணும்!" என்றது இன்னொரு குரல். பாத்தும்மாளுடையது போலிருந்தது.

ராஜகுருவின் கை தானாகக் குடுமிக்குப் போயிற்று. ஒரு பக்கம் இருநூறு கோடி. மறுபக்கம் கழுதை. ஆனால் அவர் படித்தவர். நல்ல பதில் ஒன்று அவருக்கு வந்தது.

"அரசே, பொறுத்தருள வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. சடங்கில் சொல்லும் வயது வேறு, சாஸ்திரத்தில் சொல்லும் வயது வேறு. அங்கே அது மெய். இங்கே இது மெய். இரண்டையும் ஒரே தராசில் போட்டு மோதவிடக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லாமல் இருக்கலாம்."

கூத்தபிரான் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான்.

"இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அரசே, தீர்ப்பு வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, குருவே சொன்னார். ஒருவர் வாயிலேயே பூமிக்கு இரண்டு வயது தொந்தரவில்லாமல் இருக்கலாமென்றால், நான்கு பேர் வாயில் நான்கு வயது இருந்தால் என்ன? இருக்கக் கூடாது, நாட்டில் ஒரே கணக்குத்தான் என்றால் அதற்கும் நான் தயார். ஆனால் குருவில் ஒரு பாதி இன்று கப்பலேற வேண்டும். எந்தப் பாதி என்று அவரே காட்டட்டும்."

மன்னருக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சிங்காசனமே குலுங்கியது. எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் இந்த இடத்தில் மன்னருக்காகத் தாங்களே சிரிப்பார்கள். நான் எழுத மட்டும் செய்கிறேன்.

சிரித்து முடித்த மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் மூட்டைகளோடு நின்ற கூட்டம் அப்போதுதான் அவர் பார்வையில் நன்றாகப் பட்டது. மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மன்னரின் முகம் மாறியது.

"நான் பிறந்தநாள் கொண்டாட நினைத்தவளின் மடியிலிருந்தே இவர்களை இறக்கிவிடப் பார்த்தேனா? கப்பலை அவிழ்த்து விடுங்கள். ஒருவரும் போக வேண்டாம். போங்கள், போய் நடவைப் பாருங்கள்!"

வாசலில் எழுந்த ஆரவாரம் அடங்க நேரமாயிற்று. நெய்னா லெப்பை பாதிரியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாதிரியார் ஏட்டுத் தமிழையும் மறந்து, "அப்பாடா!" என்றார். அவர் பேசியதில் எல்லாருக்கும் புரிந்த முதல் சொல் அது.

மன்னர் பல்லக்கின் அருகில் வந்து நின்றார்.

"கூத்தபிரானே, விகடம் இருக்கட்டும். மெய்யாகவே இவளுக்கு எத்தனை வயது?"

"வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன், அரசே. வாய் திறக்கவில்லை. ஆனால் இதைப் பாருங்கள்."

புடவை மடிப்பை விலக்கிக் காட்டினான். ஈர மண்ணில் எப்போதோ விழுந்த ஒரு விதை வெடித்து, வெளிறிய பச்சையில் ஒரு முளை தலை நீட்டியிருந்தது.

"இன்னும் பிள்ளை பெறுகிறவர். கிழவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

மன்னர் அந்த முளையை விரல் படாமல் பார்த்துக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து மகாராணியின் குரல் வந்தது.

"சக்களத்தி என்றாலும் அவளும் பெண். ஊரைக் கூட்டி வயது கேட்டது போதும். அவரவர் வாசலில் அவரவர் கணக்குக்கு விளக்கு வைக்கட்டும்."

அப்படியே நடந்தது. பாதிரியாரின் கோயிலில் வரிசை வரிசையாக விளக்குகள். லெப்பை வாசலில் எண்ணாமல் வைத்தார்கள். அருகசேன அடிகள் விளக்கு வைக்கவில்லை. தெருவிளக்குகளுக்கெல்லாம் மெல்லிய துணிக்கூடு செய்து மாட்டச் சொன்னார். அன்று ஊரில் ஒரு விட்டில்கூடச் சாகவில்லை. ராஜகுருவைத் தம் கணக்குக்குத் தாமே ஏற்றும்படி மன்னர் சொல்லிவிட்டார். அவர் ஒரு திரியும் ஒரு கிண்ணம் எண்ணெயுமாக அரண்மனை மதிலின் தெற்கு மூலையில் தொடங்கினார். எங்கே முடித்தார் என்று சொன்னவர்கள் இல்லை.

ஆனால் இதெல்லாம் மாலையில். அதற்கு முன் சபையிலேயே மன்னர் ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னார். அதில் பட்டு வேட்டி, முத்துமாலை, வெற்றிலை பாக்கு. கூத்தபிரானுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பெண்ணுக்குப் புடவை கட்டி, சீரோடு அழைத்து வந்தவன் நீ. ஆகவே நீ எனக்கு மாமனார். குருவே, மாமனார் மரியாதைக்கு மந்திரம் சொல்லும்."

ராஜகுரு பல்லைக் கடித்துக்கொண்டு மந்திரம் சொன்னார். மன்னர் குனிந்து காலைத் தொடப் போனார். கூத்தபிரான் துள்ளிப் பின்வாங்கினான்.

"வேண்டாம் மாப்பிள்ளை, வேண்டாம்! நீங்கள் எழுந்திருக்கும்போது கிரீடம் விழுந்தால் அதையும் நான்தான் பிடிக்க வேண்டும்."

"சரி மாமா" என்றார் மன்னர். "ஆனால் ஒரு குறை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட இந்த மாமனார் வீட்டில் எனக்குத் தலைதீபாவளி நடக்கவில்லை. வரும் தீபாவளிக்கு வருகிறேன். எண்ணெய்க் குளியல், புது வேட்டி, மாமியார் கையால் அதிரசம். மாப்பிள்ளை தனியாக வந்தால் அழகாக இருக்காது. சேனையையும் கூட்டி வருகிறேன்."

கூத்தபிரானின் வாய் திறந்தது. தன் இரண்டு அறை வீடும், ஒரே அடுப்பும், அடுப்பின் முன்னால் வடிவின் முகமும் அவன் கண்ணெதிரில் வந்தன. சபை முழுவதும் அவன் பதிலுக்குக் காத்திருந்தது. அவன் விழித்துக்கொண்டே நின்றான்.

மன்னர் சிரித்த சிரிப்பு துறைமுகம் வரை கேட்டது.

"பயப்படாதே! அதற்குள் நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு ஒரு வீடு கட்டிக்கொள். மரமும் கல்லும் ஆளும் அரண்மனையிலிருந்து வரும். அதிரசத்துக்கு வேண்டிய வெல்லமும் வரும். ஆனால் பாகு பதம் தவறினால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வேன், சொல்லிவிட்டேன்."

வீடு கட்டினார்கள். தீபாவளியும் வந்தது. மன்னர் பரிவாரத்தோடு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து ஏழெட்டு அதிரசம் சாப்பிட்டார். மாப்பிள்ளைக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை என்றுதான் கேள்வி.